கூட்டு மனம் கொண்ட ட்ரோன் இனம்: தொடர்பு அறுந்தால் அது என்ன செய்யும்?

வால்மீன்
வணக்கம் நண்பர்களே. ஒரு நாவலுக்காக வேற்றுக்கிரக இனம் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருக்கிறேன். பெயர் மொய்யர். மனிதர்கள் குடியேற வரும் கிரகத்தில் ஏற்கெனவே வாழ்பவை, வந்தவர்களைக் கொல்பவை. தனி ஒரு ட்ரோனுக்கு விருப்பு வெறுப்பு எதுவும் கிடையாது. எல்லாம் கூடினால்தான் யோசனை.

அரை மீட்டர் நீளம், ஆறு கால், இரண்டு இணைச் சிறகு. தலைக்குள் ஒரு தேனீக்கு இருக்கும் அளவே நியூரான்கள், ஏறக்குறைய 10 லட்சம். மனித மூளையில் சுமார் 8,600 கோடி. வகுத்துப் பார்த்தால் 86,000 ட்ரோன்கள் சேரும்போது எண்ணிக்கையில் ஒரு மனித மூளை ஆகிறது. அதற்குக் கீழே வெறும் பூச்சிக் கூட்டம். அதற்கு மேலே போகப்போக நம்மைவிடப் பெரிய ஏதோ ஒன்று. வயிற்றின் நீளத்துக்கு ஓடும் உலோக இழை வழியாக ரேடியோ அலையில் பேசிக்கொள்ளும்.

ராணி ஒன்றைக் கொன்றதும் மொத்தப் படையும் செத்து விழுகிற முடிவை மட்டும் நான் எழுத மாட்டேன். வாசகனாக எனக்கு அது ஒவ்வொரு முறையும் ஏமாற்றமாகவே இருந்திருக்கிறது. அவ்வளவு பெரிய அறிவு தன் உயிரை ஒரே உடம்பில் கொண்டுபோய் வைக்குமா? ராணி இல்லையென்றால் இது எப்படி முடிவெடுக்கும், எங்கே அடித்தால் இதற்கு வலிக்கும்? உங்கள் கருத்துகள் வேண்டும்.

தேன்கூடு
வால்மீன் தம்பி, ராணி விஷயத்தில் இயற்கை உங்கள் பக்கம்தான் நிற்கிறது. தேனீக் கூட்டில் ராணி ஆட்சி செய்வதில்லை. முட்டையிடுகிறது, தான் இருப்பதை உடல் வாசனையால் தெரிவித்துக்கொண்டே இருக்கிறது. ராணியை எடுத்துவிட்டால் சில மணி நேரத்தில் கூட்டுக்குத் தெரிந்துவிடும். வேலைக்காரத் தேனீக்கள் மிக இளம் புழுக்கள் சிலவற்றைத் தேர்ந்து, அவற்றின் அறையைப் பெரிதாக்கி, அரசக் கூழ் ஊட்டி வளர்க்கும். முட்டையிட்ட நாளிலிருந்து 16 நாளில் புது ராணி வெளியே வந்துவிடும். ராணியைக் கொன்றால் கூடு தடுமாறும். ஆனால் அங்கேயே சாகாது.

முடிவெடுப்பது இதைவிட அழகானது. கூடு பிரிந்து வெளியேறிய திரள் ஒரு மரக்கிளையில் தொங்கும்போது, சில நூறு சாரணத் தேனீக்கள் மட்டும் புது இடம் தேடிப் போகும். 1950களில் மார்ட்டின் லிண்டவுவர் இதைக் கவனித்தார். அவருக்குப் பின் தாமஸ் சீலி பல ஆண்டுகள் இதிலேயே உட்கார்ந்து ஆராய்ந்தார். ஒவ்வொரு சாரணியும் தான் கண்ட இடத்துக்காக ஆடும். நல்ல இடமென்றால் அதிகச் சுற்று ஆடும். ஒவ்வொரு முறை போய்த் திரும்பும்போதும் ஆட்டத்தின் சுற்று குறைந்துகொண்டே வரும். அதனால் சுமாரான இடத்துக்கான குரல் தானாகவே அடங்கிவிடும். எதிர்த் தரப்புச் சாரணி வந்து தலையால் முட்டி, சின்னதாக ஒரு ஒலி எழுப்பி, ஆடுபவளை நிறுத்தப் பார்க்கும். புது இடத்தில் ஒரே நேரத்தில் இருபது முப்பது சாரணிகள் கூடிவிட்டால் வாதம் முடிந்தது, திரள் கிளம்பும்.

இதில் உங்களுக்குத் தேவையானது ஒன்று உண்டு. கூட்டு மனம் என்றதும் எல்லோரும் ஒரே கருத்து என்று எழுதிவிடுகிறார்கள். உண்மையான திரள் ஓயாமல் தனக்குள் சண்டை போடுகிறது. அந்தச் சண்டைதான் அதன் சிந்தனை. உங்கள் மொய்யர் தாக்க வருவதற்கு முந்தின இரவை அப்படி எழுதுங்கள்.

அலைவரிசை
ரேடியோ பக்கம் நான் கொஞ்சம் சொல்றேங்க. உடம்போட அரை மீட்டரும் ஆன்டெனான்னா அது அரை அலைநீளம். அப்போ அலைநீளம் 1 மீட்டர், அதிர்வெண் 300 மெகாஹெர்ட்ஸ் பக்கத்துல வரும். அந்த வரிசையில அலை நேர்கோட்டுலதான் போகும், வானத்துல பட்டுத் திரும்பி வர்றதை நம்ப முடியாது. பூமி அளவு கிரகம்னா 10 மீட்டர் உயரத்துல பறக்கிற ட்ரோனுக்கு அடிவானம் சுமார் 11 கிலோமீட்டர். அதைத் தாண்டிச் சேதி போகணும்னா நடுவுல இன்னொண்ணு வாங்கிக் கடத்தணும்.

இப்போ கணக்குப் போடுங்க. வாங்கி, புரிஞ்சுக்கிட்டு, திருப்பி அனுப்ப ஒரு ட்ரோனுக்கு 1 மில்லிசெகண்ட் ஆகுதுன்னு வெச்சுக்குவோம். நரம்புக்கு நரம்பு சேதி தாண்டுறதும் கிட்டத்தட்ட அந்த அளவுதான். ஒரு தாவலுக்கு 10 கிலோமீட்டர். கிரகத்தோட மறுபக்கம் 20,000 கிலோமீட்டர், அதாவது 2,000 தாவல், 2 செகண்ட். வெளிச்சம் அதே தூரத்தை 0.067 செகண்டுல போயிரும். நேரத்தைத் தின்கிறது கடத்துற வேலைதான். பத்துல ஒரு செகண்டுக்குள்ள ஒண்ணுக்கொண்ணு தெரியணும்னா 100 தாவல், 1,000 கிலோமீட்டர். உங்க மொய்யரோட ஒரு மனசு அந்த அளவுக்குத்தான் விரியும்.

இன்னொண்ணு. 86,000 பேரும் ஒரே நேரத்துல உரக்கப் பேசினா யாருக்கும் எதுவும் கேக்காது. மெதுவா, பக்கத்துல இருக்கிறவங்களுக்கு மட்டும் பேசுற மாதிரி வைங்க. வானத்துல கூட்டமாத் திரும்புற மைனா வகைப் பறவைங்ககூட ஆறு ஏழு அண்டைப் பறவையை மட்டும்தான் கவனிக்குதுன்னு இத்தாலியில ஆய்வு பண்ணிச் சொல்லியிருக்காங்க.

நீலவானம்
குவாண்டம் பிணைப்பை வைத்துக்கொண்டால் தூரப் பிரச்சினையே இருக்காதே? இரண்டு ட்ரோன்கள் எவ்வளவு தொலைவில் இருந்தாலும் உடனுக்குடன் தெரிந்துவிடும்.

அலைவரிசை
பிணைப்பு உண்மைதாங்க. ஆனா அதை வெச்சுச் சேதி அனுப்ப முடியாதுன்னு குவாண்டம் இயற்பியலே தெளிவாச் சொல்லுது. ஒரு பக்கம் அளந்தா மறுபக்கத்துல கிடைக்கிறது பார்வைக்கு வெறும் தற்செயல் எண்தான். ரெண்டு பக்கத்தையும் ஒப்பிடச் சாதாரண வழியில ஒரு சேதி போயே ஆகணும், அது வெளிச்சத்தைத் தாண்டாது.

கணுமுடிச்சு
நான் பரவல் கணினி அமைப்புகளில் வேலை செய்பவன். இந்த இழையில் இரண்டு நாளாக வாசிப்பது எல்லாம் என் அன்றாடத் தொழில் மாதிரியே இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தலைப்பில் வால்மீன் கேட்டிருக்கும் கேள்விக்கு எங்கள் துறையில் ஒரு தேற்றம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு எரிக் புரூவர் அதை ஊகமாக முன்வைத்தார். 2002இல் கில்பர்ட், லிஞ்ச் இருவரும் நிரூபித்தார்கள். சுருக்கம் இது: பல கணினிகள் சேர்ந்து ஒரே நினைவைப் பகிரும் அமைப்பில், நடுவே இணைப்பு அறுந்து இரண்டு பகுதிகளாகிவிட்டால், இரண்டு வழிதான் உண்டு. எல்லாப் பகுதியும் ஒரே உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், ஏதாவது ஒரு பகுதி வேலையை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். எல்லாப் பகுதியும் தொடர்ந்து வேலை செய்ய வேண்டுமென்றால், அவை சொல்லும் உண்மைகள் விலகிப்போவதை ஏற்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பெற வழியே இல்லை.

இதை மொய்யர்மேல் வைத்துப் பாருங்கள். ஒரு மலைத்தொடர் குறுக்கே வந்து திரளின் ஒரு பகுதி துண்டாகிறது. அந்தப் பகுதி உறைந்து நின்றால் அது பலவீனமான எதிரி. மனிதர்கள் ஒரு சுவர் கட்டினாலே போதும். தொடர்ந்து இயங்கினால் அது பயங்கரமான எதிரி, ஆனால் அந்தக் கணத்திலிருந்து அது இன்னொருவர். அதற்கென்று தனி அனுபவம், தனி முடிவு, தனி நினைவு. எப்போது நிற்கும், எப்போது தொடரும் என்பதை நீங்கள் தீர்மானித்துவிட்டால் மொய்யரின் குணத்தையே தீர்மானித்துவிட்டீர்கள். விரோதமா அன்பா என்பதெல்லாம் அதற்குப் பிறகு வருவது.

கிரகங்களுக்கு இடையே ஒரே மனம் என்ற கனவையும் இது உடைக்கிறது. இங்கிருந்து நிலவுக்கு ஒளி போக 1.28 விநாடி. செவ்வாய்க்கு அது இருக்கும் இடத்தைப் பொறுத்து 3 முதல் 22 நிமிடம். மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்சிமா செந்தாரிக்கு 4.24 ஆண்டு. நான்கு ஆண்டு பழைய சேதியை வைத்து ஒரே மனமாக இருக்க முடியாது, கடிதம் எழுதிக்கொள்ளலாம்.

தேன்கூடு
கணுமுடிச்சு சொல்வதற்கு ஓர் உயிர்ச் சான்று தருகிறேன். அர்ஜென்டினா எறும்பின் ஒரே மாபெரும் குடி தெற்கு ஐரோப்பாவின் கடற்கரையோரம் 6,000 கிலோமீட்டருக்குப் பரவிக் கிடக்கிறது. ஒரு முனையிலிருந்து எடுத்த எறும்பை மறு முனையில் விட்டாலும் சண்டை வராது, உடலின் மேற்பூச்சு வாசனை ஒன்றுபோல இருக்கிறது. ஆனால் அந்த 6,000 கிலோமீட்டரும் சேர்ந்து ஒரு முடிவெடுப்பதில்லை. ஒரே இனமாக நீள்வது வேறு, ஒரே மனமாக நீள்வது வேறு.

துண்டான பகுதி என்ன செய்யும் என்பதற்குப் படை எறும்பு இன்னொரு பதில் வைத்திருக்கிறது. முன்னே போகிறவளின் வாசனையைப் பின்பற்றுவதே அதன் விதி. தாய்க் கூட்டத்திலிருந்து அறுந்த வரிசை தன் வாலையே பிடித்துவிட்டால் வட்டமாகச் சுற்றத் தொடங்கும், சோர்ந்து சாகும்வரை சுற்றும். 1921இல் வில்லியம் பீப் கயானாக் காட்டில் கண்டதை எழுதியிருக்கிறார். வட்டத்தின் சுற்றளவு 1,200 அடி, ஒரு சுற்றுக்கு ஓர் எறும்புக்கு இரண்டரை மணி நேரம். தனி எறும்பு ஒன்றும் மூடத்தனமாக நடக்கவில்லை. ஒவ்வொன்றும் விதியைச் சரியாகத்தான் பின்பற்றியது.

வால்மீன்
தேன்கூடு அண்ணா, இந்த வட்டத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் மனிதர்கள் திட்டமிட்டு உண்டாக்கும் பொறியாக வைக்க மனம் வரவில்லை. குடியேறிகள் கிரகத்தில் இறங்கிய முதல் வாரத்திலேயே பாலைநிலத்தில் இப்படி ஒரு செத்த வளையத்தைப் பார்க்கட்டும். அது என்னவென்று அவர்களுக்குத் தெரியாது. இந்த இனத்துக்கும் தவறிப்போக ஒரு வழி இருக்கிறது என்று வாசகர் பிறகு தானே புரிந்துகொள்ளட்டும்.

கணுமுடிச்சு, மொய்யர் நிற்காது. அறுந்தாலும் இயங்கும். அது முடிவு.

மௌனவாசகி
நீண்ட நாளாக வாசித்து மட்டும் போகிறவள், இன்று எழுதத் தோன்றியது. எல்லோரும் எப்படித் தோற்கடிப்பது என்று பேசுகிறீர்கள். இவை ஏன் கொல்கின்றன என்று யாரும் கேட்கவில்லையே? "அந்நியரை வெறுக்கும்" என்றால் எனக்குப் போதவில்லை. இவ்வளவு நுட்பமாகக் கட்டிய மனத்துக்குக் காரணமும் அதே நுட்பத்தோடு இருக்க வேண்டும்.

அலைவரிசை சொன்னதை வைத்தே ஒன்று தோன்றுகிறது. அவற்றின் சிந்தனை 300 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் நடக்கிறது. மனிதர்கள் வந்து இறங்கிய அன்றே கோபுரம் நட்டு, செயற்கைக்கோள் விட்டு, கையில் கருவி வைத்துப் பேசத் தொடங்குகிறார்கள். அந்தக் கூச்சல் முழுக்க மொய்யரின் மூளைக்குள் விழுகிறது. நமக்கு வலிப்பு வரும்போது நரம்பணுக்கள் தாறுமாறாகச் சேர்ந்து துடிப்பதுபோல அதற்கு ஏதோ நடக்கிறது. அது போர் தொடுக்கவில்லை. வலியின் மூலத்தை அணைக்க வருகிறது.

அப்படியென்றால் முதலில் சாவது வீரர்கள் அல்ல, ஒலிபரப்பாளர்கள். கருவியை அணைத்துவைத்தவர் பிழைப்பார். ஆனால் எல்லோரும் அணைத்துவிட்டால் மனிதக் குடியிருப்புகளுக்கு ஒன்றோடொன்று தொடர்பு இருக்காது.

தேன்கூடு
தோழி, இது அருமை. தாக்குதல் முறையும் இதிலிருந்தே வந்துவிடுகிறது. ஜப்பானியத் தேனீ ராட்சதக் குளவியைக் கொட்டிக் கொல்வதில்லை. நூற்றுக்கணக்கில் அதன்மேல் பந்தாக மொய்த்து, சிறகுத் தசையை அதிரவிட்டு, பந்தின் நடுவே வெப்பத்தை 46 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் கொண்டுபோகும். குளவி அதற்குத் தாங்காது, தேனீ சில டிகிரி கூடுதலாகத் தாங்கும். அந்தச் சில டிகிரிதான் ஆயுதம். மொய்யரும் ஒலிபரப்புக் கோபுரத்தை உடைக்க வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கில் அதன்மேல் படிந்து, தங்கள் உடலாலேயே அலையை மறைத்துவிடலாம். உள்ளடுக்கில் இருப்பவை செத்தாலும் மேலடுக்கு வந்துகொண்டே இருக்கும்.

நீலவானம்
அப்போது மனிதர்களுக்கு வெற்றி ரொம்ப எளிதாகிவிடுமே. அந்த அதிர்வெண்ணில் இரைச்சலைப் பலமாக விட்டால் மொத்த இனமும் முடங்கிவிடும்.

அலைவரிசை
அவ்வளவு எளிதில்லீங்க. மின்சாரத்தால தடவித் தெரிஞ்சுக்கிற மீன் ஒண்ணு இருக்கு, ஐகன்மானியான்னு பேரு. சில நூறு ஹெர்ட்ஸ்ல மெல்லிசா மின்னதிர்வு விட்டு, இருட்டுல சுத்தி இருக்கிறதை உணரும். அதே அதிர்வெண்ல இன்னொரு மீன் பக்கத்துல வந்தா ரெண்டுக்கும் குழப்பம் வரும். உடனே ஒண்ணு மேலயும் ஒண்ணு கீழயும் அதிர்வெண்ணைத் தள்ளிக்கும். 1963லயே ஜப்பான்ல இதைக் கண்டுபிடிச்சிட்டாங்க. மீனுக்கே தெரியுதுன்னா மொய்யருக்குத் தெரியாதா? ஒரு அலைவரிசையில இரைச்சல் விட்டா அடுத்ததுக்கு நகரும். எல்லா வரிசையிலயும் விடணும்னா ஆற்றல் எங்கேயோ போயிரும், தூரம் ரெண்டு மடங்கானா பலம் நாலுல ஒண்ணாயிரும்.

நகர்றதுலயும் ஒரு விலை இருக்கு. ஆன்டெனா நீளம் மாறாது. 300ஐ விட்டு விலக விலக அதோட காது மந்தமாகும். அடிவானம் வரைக்கும் எட்டினது பாதி தூரம்தான் எட்டும், தாவல் கூடும், மனசோட அளவு சுருங்கும். இரைச்சல் அதைக் கொல்லாது, சின்னதாக்கும்.

கணுமுடிச்சு
ஏமாற்றுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். திரளுக்குள் போலிக் குரல்களை நுழைத்தால் என்ன? 1982இல் லாம்போர்ட், ஷோஸ்டக், பீஸ் மூவரும் ஒரு கணக்கு போட்டார்கள். சேதியில் யார் எழுதியது என்பதற்கு மாற்ற முடியாத முத்திரை இல்லாதபோது, துரோகிகள் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டுவிட்டால் மற்றவர்கள் ஒரே முடிவுக்கு வருவதை உறுதிசெய்ய முடியாது. அதற்குக் குறைவாக இருந்தால் முடியும். 86,000 ட்ரோன்களில் கிட்டத்தட்ட 29,000 போலிகள் வேண்டும். சின்னக் குடியேற்றத்தால் முடியாத காரியம். முத்திரை இருந்துவிட்டாலோ அந்த வழியும் அடைபடும்.

தேன்கூடு
முழுத் திரளையும் ஏமாற்ற வேண்டாம், ஒரே ஒரு சைகை போதும் என்று எறும்பு சொல்கிறது. செத்த எறும்பின் உடலில் சில நாளில் ஓலியிக் அமிலம் சேரும். 1958இல் எட்வர்ட் வில்சனும் அவரோடு இருந்தவர்களும் அதை உயிருள்ள எறும்பின்மேல் தடவினார்கள். கூட்டாளிகள் அதைத் தூக்கிக்கொண்டுபோய்க் குப்பைமேட்டில் போட்டார்கள். அது காலை உதைத்துக்கொண்டுதான் இருந்தது. தன்னைத் துடைத்துச் சுத்தம் செய்யும்வரை கூட்டுக்கு அது பிணம்தான்.

மௌனவாசகி
இதை வாசித்ததும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. வால்மீன், உங்கள் நாவலில் யாராவது ஒருவர் இதைக் கண்டுபிடித்து, பயன்படுத்த மறுக்க வேண்டும் என்று விரும்புகிறேன். உயிரோடு இருக்கும் ஒன்றை அதன் கூட்டமே பிணமென்று கைவிட வைப்பது எந்தப் போரிலும் கூடாத செயல்.

வால்மீன்
மறுப்பவர் இருப்பார். ஆனால் அவர் மறுத்த பிறகும் வேறொருவர் அதைச் செய்துவிடுவார். அந்த ஒற்றை ட்ரோனைக் குடியேறிகள் ஓர் அறையில் வைத்துப் பார்க்கும் பகுதியை எழுதியே ஆக வேண்டும் போலிருக்கிறது.

முக்கியப் போரையும் முடிவு செய்துவிட்டேன். வடக்கே ஒரு குடியிருப்பு, தெற்கே ஒன்று, நடுவே ஓர் இரைச்சல் வேலி. திரள் இரண்டாகிறது. வடக்குத் திரள் ஒரு பருவம் முழுக்கக் கருவிகளை அணைத்துவிட்ட மனிதர்களோடு வாழ்கிறது. அவர்களால் வலி இல்லை என்று கற்றுக்கொள்கிறது. தெற்கே, அதே போலக் கருவியை அணைத்துவிட்டுப் பதுங்கியிருந்த மனிதர்கள் பல்லாயிரம் ட்ரோன்களை எரித்துவிடுகிறார்கள். மௌனமாக இருப்பவர்தான் ஆபத்தானவர் என்று தெற்குத் திரள் கற்றுக்கொள்கிறது. வேலியின் ஆற்றல் தீர்ந்து அணையும் நாளில் இரண்டும் மறுபடி ஒன்றையொன்று கேட்கின்றன. கணுமுடிச்சு, அந்தக் கணத்தில் என்ன நடக்கும்?

கணுமுடிச்சு
எங்கள் அமைப்புகளில் இதுதான் மிகக் கடினமான நேரம். பிரிந்திருந்தபோது நடந்தவற்றில் எது முன், எது பின் என்று சொல்லக்கூட முடியாது. இரு பக்கமும் ஒன்றுக்கொன்று தெரியாமல் நடந்தவற்றுக்கு அப்படி ஒரு வரிசையே கிடையாது. கடைசியாக எழுதியது செல்லும் என்று குருட்டுத்தனமாக வைத்தால் ஒரு பக்கத்தின் அனுபவம் முழுக்க அழியும். நல்ல அமைப்பு இரண்டையும் அடையாளத்தோடு வைத்துக்கொண்டு, முரண்பாடு இருக்கிறது என்று மேலே சொல்லும். இங்கே மேலே யாரும் இல்லை. அதுவேதான் தீர்க்க வேண்டும்.

மருத்துவத்தில் இதன் மறுபக்கம் உண்டு. மூளையின் இரு பாதிகளை இணைக்கும் நரம்புக் கற்றையில் சுமார் 20 கோடி இழைகள். கடும் வலிப்புக்காக அதை வெட்டியவர்களிடம் ரோஜர் ஸ்பெர்ரி சோதனை செய்தார், 1981இல் நோபல் பரிசு பெற்றார். ஒரு பாதி பார்த்ததை மறு பாதியால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. இணைப்பின் பருமன்தான் ஒருமையைத் தீர்மானிக்கிறது. உங்கள் இரண்டு திரளும் முதலில் ஓரத்தில் மட்டும் தொடும், இணைப்பு மெலிதாகவே இருக்கும். அப்போது அவை ஒன்றல்ல, பேசிக்கொள்ளும் இருவர். இணைப்பு தடிக்கத் தடிக்கத்தான் ஒருவராகும்.

வால்மீன்
அந்த ஓரத்தில்தான் போரின் முடிவு இருக்கிறது. தேன்கூடு அண்ணா சொன்ன சாரணிகள் மாதிரி, வடக்கும் தெற்கும் ஒன்றையொன்று முட்டி நிறுத்தப் பார்க்கும். வடக்கிலிருந்த மனிதர்கள் அதைக் கையில் கருவி இல்லாமல் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், ஏனெனில் வாயைத் திறந்து ரேடியோவில் ஒரு சொல் பேசினாலும் தெற்குத் தரப்புக்கு அது சாட்சியாகிவிடும். எழுதி முடித்ததும் இந்த அத்தியாயத்தை மட்டும் இங்கே போடுகிறேன். முட்டும் பகுதியை அண்ணா ஒருமுறை பார்த்துத் தர வேண்டும்.

தேன்கூடு
கட்டாயம் போடுங்கள் தம்பி. எழுதும்போது ஒன்றை மனதில் வையுங்கள். வாதம் நடக்கும்போது சாரணி பெரும்பாலும் எதிர்த் தரப்பைத்தான் முட்டும். முடிவு எட்டிய பிறகு இது மாறும். அப்போது தன் தரப்பு, எதிர்த் தரப்பு என்று பாராமல் ஆடுகிற எல்லோரையும் முட்டி நிறுத்தும், திரள் கிளம்பவேண்டும் என்பதற்காக. வடக்குத் திரள் வடக்கையே முட்டத் தொடங்குவதை உங்கள் ஆட்கள் கவனித்தால், முடிவாகிவிட்டது என்று அவர்களுக்குத் தெரியும். எந்தப் பக்கம் முடிவாகியிருக்கிறது என்பது மட்டும் திரள் மேலெழும்வரை தெரியாது.